ஒரு ரூபாய் இட்லி, 325 ரூபாய் கூலி: சென்னை அம்மா உணவகங்கள் பற்றி ஒரு மதிப்புரை

சென்னையில் இட்லி இன்றும் ஒரு ரூபாய்க்குக் கிடைக்கிறது என்பதை வெளியூர் நண்பர்கள் சிலர் இப்போதும் நம்ப மறுக்கிறார்கள். 2013 பிப்ரவரி 19 அன்று அன்றைய முதலமைச்சர் ஜெயலலிதா அம்மா உணவகத் திட்டத்தைத் தொடங்கிவைத்தபோது எழுதி மாட்டப்பட்ட விலைப்பட்டியல், அதன்பின் வந்த ஆட்சி மாற்றத்தையும் எத்தனையோ விலைவாசி ஏற்றங்களையும் தாண்டி அப்படியே நிற்கிறது. காலையில் இட்லி ஒரு ரூபாய், பொங்கல் ஐந்து ரூபாய். மதியம் சாம்பார் சாதம் ஐந்து ரூபாய், எலுமிச்சை சாதம் அல்லது கறிவேப்பிலை சாதம் ஐந்து ரூபாய், தயிர் சாதம் மூன்று ரூபாய். இரவில் பருப்புக் கடைசலோடு இரண்டு சப்பாத்தி மூன்று ரூபாய். பெருநகர சென்னை மாநகராட்சி நடத்தும் இந்த உணவகங்களில் பத்து ரூபாயோடு போய் வயிறு நிறைந்து வெளியே வரலாம், சில்லறையும் மிஞ்சும்.

விலையைப் பற்றியும், பெயர்ப்பலகையைச் சுற்றி நடந்த அரசியலைப் பற்றியும் போதுமான அளவு எழுதியாயிற்று. இந்த மதிப்புரையில் நான் பார்க்க விரும்புவது அடுப்படியில் நிற்பவர்களை. தனியார் ஓட்டல்களே ஆள் கிடைக்காமல் ‘சமையலுக்கும் பரிமாறவும் ஆட்கள் தேவை’ என்று வாசலில் பலகை தொங்கவிட்டிருக்கும் நகரம் இது. இங்கே ஓர் உள்ளாட்சி அமைப்பு, வெளிச் சந்தையில் கிடைப்பதைவிடக் குறைந்த கூலிக்கு, பத்தாண்டுகளுக்கும் மேலாக மூன்று வேளைச் சமையலை எப்படி நடத்துகிறது? அந்த வேலைக்கு வந்தவர்கள் யார், எதற்காக நிலைத்திருக்கிறார்கள், இன்னும் எத்தனை காலம் இருப்பார்கள்? இது நிர்வாகக் கேள்வியாகத் தோன்றலாம். எனக்கோ இதுதான் உணவின் தரத்தைப் பற்றிய கேள்வி. எல்லா உணவகங்களுக்கும் அரிசி தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகத்தின் மூலமாகச் சலுகை விலையில் வருகிறது, பட்டியலும் ஒன்றுதான், விலையும் ஒன்றுதான். அப்படியிருக்க, மாநகராட்சியின் ஒரு வட்டத்துச் (வார்டு) சாம்பார் சாதத்துக்கும் இன்னொரு வட்டத்துச் சாம்பார் சாதத்துக்கும் வேறுபாடு இருக்குமானால், அது கிளறுகிற கையைத் தவிர வேறு எங்கிருந்தும் வர வழியில்லை.

முதலில் சாப்பாட்டைச் சொல்லிவிடுகிறேன். இட்லி பெரியது, ஓட்டல் இட்லியின் பூப்போன்ற மென்மை இதில் கிடையாது, வீட்டு இட்லியின் கனம் உண்டு. காலை ஏழு மணிக்குக் கதவு திறந்ததும் போகிறவருக்கு ஆவி பறக்கக் கிடைக்கும். பொங்கலில் மிளகையும் சீரகத்தையும் எதிர்பார்க்கலாம். முந்திரியையும் நெய்யையும் ஐந்து ரூபாய்க்குத் தேடுவது நியாயமில்லை. மதியச் சாப்பாட்டில் என் ஓட்டு தயிர் சாதத்துக்கு. குழைய வடித்த சோற்றைச் சூடு ஆறுவதற்குள் மசித்து, உப்பும் தயிரும் சேர்த்து, கடுகும் பச்சைமிளகாயும் தாளித்துக் கொட்டும் அந்தச் சாதத்தை, சித்திரை வெயிலில் சுமை இறக்கிவிட்டு வருகிற ஒருவர் நின்றபடியே உண்டு முடிக்கும் வேகத்தைப் பார்த்தால் மதிப்பெண் போடுவது அநாவசியமாகத் தோன்றும். இரவுச் சப்பாத்தி மட்டும் இயந்திரத்தை நம்பியிருக்கும் பண்டம். அந்த இயந்திரங்கள் பழையனவாகிவிட்டன என்பதற்கு, புதிய கருவிகளுக்கென்றே 2024இல் அரசு தனியாகப் பணம் ஒதுக்க வேண்டிவந்ததே சான்று. பட்டியல் பல ஆண்டுகளாக மாறாததால், தினமும் வருகிறவர்களுக்குச் சலிப்பு தட்டும் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஏற்பாடு எளிமையானது. கல்லாவில் பணம் கொடுத்து டோக்கன் வாங்க வேண்டும், டோக்கனைப் பரிமாறும் இடத்தில் கொடுக்க வேண்டும், எவர்சில்வர் தட்டில் வாங்கிக்கொண்டு உயரமான மேடைகளில் வைத்து நின்றபடி சாப்பிட வேண்டும். பார்சல் கிடையாது என்பது விதி. காலை 7 முதல் 10 வரை, மதியம் 12 முதல் 3 வரை, இரவு 6 முதல் 9 வரை. ஏழு மணிக்கு இட்லி வேண்டுமானால் விடிவதற்கு முன்பே அடுப்பு பற்றவைக்கப்பட்டிருக்க வேண்டும் என்பதையும், ஒன்பது மணிக்கு மூடிய பிறகும் அண்டாவும் தட்டும் கழுவும் வேலை கிடக்கும் என்பதையும் இந்த நேர அட்டவணையோடு சேர்த்தே படிக்க வேண்டும்.

அரசு மருத்துவமனை வளாகங்களில் உள்ள அம்மா உணவகங்களில்தான் இந்தச் சேவையின் முழு உருவத்தைப் பார்க்க முடியும். நோயாளிக்கு வார்டில் உணவு வந்துவிடும். கூடவே வந்து படிக்கட்டிலும் மரத்தடியிலும் நாள்கணக்கில் காத்திருக்கும் உறவினருக்கு யார் சோறு போடுவது? அப்படிப்பட்ட ஓர் உணவகத்தில் ஒரு மதிய வேளையில் நான் பார்த்தது இது. விழுப்புரம் பக்கத்திலிருந்து வந்திருப்பார் போலும், வயதானவர் ஒருவர் தயிர் சாதத்துக்கு டோக்கன் வாங்கிக்கொண்டு பரிமாறும் இடத்துக்கு வந்தார். பரிமாறிக்கொண்டிருந்த பெண்மணி அவர் முகத்தைப் பார்த்தார். பக்கத்தில் இருந்த சாம்பார் வாளியின் அடிவரை கரண்டியை விட்டு, மேலாக நின்ற தண்ணீரை ஒதுக்கி, பருப்பும் காயும் வருமாறு அள்ளித் தட்டின் ஓரத்தில் ஊற்றினார். “நான் தயிர் சோறுதாம்மா கேட்டேன்” என்றார் அவர். “தெரியும் பெரியவரே, தொட்டுக்கத்தான். பேத்திக்கு இப்ப எப்படி இருக்கு?” என்றார் அந்த அம்மாள். அவர் பதில் சொல்லி முடிக்கும்வரை பின்னால் வரிசை நின்றது, யாரும் முணுமுணுக்கவில்லை.

அந்த ஒரு கரண்டிச் சாம்பாரை எந்த ஒப்பந்தப் பத்திரத்திலும் எழுதிவைக்க முடியாது. மாநகராட்சி எப்படிப்பட்ட ஆட்களைத் தேர்ந்தெடுத்தது என்பதன் பலன் அது. அந்தத் தேர்வு முறை தற்செயலாக அமைந்ததா, திட்டமிட்டு அமைந்ததா என்பது விவாதத்துக்குரியது. ஆனால் நன்றாக அமைந்தது.

மாநகராட்சி இந்த வேலைக்கு எழுத்துத் தேர்வு நடத்தவில்லை, ஒப்பந்தப்புள்ளியும் கோரவில்லை. அந்தந்தப் பகுதியின் மகளிர் சுயஉதவிக் குழுக்களிலிருந்து உறுப்பினர்களை எடுத்துக்கொண்டது. தமிழ்நாட்டில் இந்தக் குழுக்களின் வரலாறு 1989இல் தருமபுரி மாவட்டத்தில், பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு தொடங்கியது. 2013க்குள் அது ஒரு தலைமுறைப் பெண்களைப் பழக்கியிருந்தது. வாரம் தவறாமல் கூட்டத்துக்கு வருவது, சிறு தொகையானாலும் சேமிப்பைக் கட்டுவது, வாங்கிய கடனைக் குழு முகத்துக்கு அஞ்சியாவது திருப்பிச் செலுத்துவது, பத்துப் பதினைந்து பேரோடு சண்டை போட்டும் சமாதானமாகியும் சேர்ந்து வேலை செய்வது. இந்தக் குணங்களைச் சோதிக்க இதைவிட நீண்ட நேர்முகத் தேர்வை எந்த மனிதவள அதிகாரியாலும் நடத்த முடியாது. சான்றிதழைப் பார்த்து எடுத்திருந்தால் சமையற்கலை பட்டயம் பெற்ற இளைஞர்கள் வந்திருப்பார்கள். அடுத்த ஆறு மாதத்தில் பழைய மகாபலிபுரம் சாலையின் ஏதாவது ஒரு நட்சத்திர ஓட்டலுக்குப் போயும் இருப்பார்கள். அதில் அவர்களைக் குறை சொல்லவும் முடியாது.

இரண்டாவது சிறப்பு, வேலை செய்கிறவர் சாப்பிட வருகிறவருக்கு அண்டை வீட்டுக்காரராக இருப்பது. வட்டத்துக்கு இரண்டு வீதம் 200 வட்டங்களிலும், அவற்றோடு அரசு மருத்துவமனைகளில் ஏழுமாக, உச்சத்தில் 407 உணவகங்கள் இருந்தன. ஆட்டோ ஓட்டுகிறவர், மாநகராட்சிப் பள்ளியின் காவலாளி, தனியாக வாழும் மூதாட்டி என்று தட்டேந்தி வருகிற ஒவ்வொருவரையும் பரிமாறுகிற பெண்ணுக்குத் தெருவில் வைத்தே தெரியும். உப்பு கூடிப்போனால் மாலையில் தண்ணீர்க் குழாயடியில் அதைக் கேட்க ஆள் உண்டு. பொதுப்பணியில் பற்றோடு இருக்க வேண்டும் என்று பயிற்சி வகுப்பில் எத்தனை முறை சொன்னாலும் ஏறாத ஒன்று, பசியோடு வருகிறவரின் பெயர் தெரிந்திருப்பதால் தானாக வந்துவிடுகிறது. ஏன் இந்த வேலையில் இருக்கிறீர்கள் என்று ஒரு பெண்மணியிடம் கேட்டபோது, “வீடு பக்கத்துல இருக்கு சார், பிள்ளைங்க ஸ்கூல் விட்டு வர்ற நேரத்துக்குப் போய்ப் பார்த்துட்டு வந்துடலாம்” என்று தொடங்கியவர், சற்று யோசித்துவிட்டு, “அதோட, நம்ம கையால சாப்பிட்டவங்க யாரும் பசியோட போனதில்லைன்னு ஒரு இது இருக்குல்ல” என்று முடித்தார். முதல் காரணத்தை அவர் முதலில் சொன்னதை நான் முக்கியமாகக் கருதுகிறேன். சேவை மனப்பான்மை அந்தரத்தில் நிற்பதில்லை. வீட்டுக்கும் வேலைக்கும் இடையே நடந்து போகிற தூரம் இருந்தால்தான் அது காலூன்றுகிறது.

சென்னைக்கு இது முற்றிலும் புதிய மரபும் அல்ல. 1920இல் பிட்டி தியாகராயர் தலைமையில் இருந்தபோதே, ஆயிரம் விளக்கில் உள்ள மாநகராட்சிப் பள்ளிக் குழந்தைகளுக்கு, ஒரு குழந்தைக்கு நாளொன்றுக்கு ஓரணாவுக்கு மிகாத செலவில் சிற்றுண்டி வழங்க மாநகராட்சி மன்றம் தீர்மானம் நிறைவேற்றியிருக்கிறது. பசியைப் போக்குவது சாலை போடுவதையும் விளக்கு எரிப்பதையும் போல நகராட்சியின் வேலைதான் என்ற எண்ணம் இந்த ஊரில் நூறாண்டு பழையது.

இப்படி அமைந்த ஒரு பணியாளர் கூட்டம் நெருக்கடியில் என்ன செய்யும் என்பதை நகரம் நேரில் பார்த்துவிட்டது. 2015 டிசம்பர் வெள்ளத்தின்போது அம்மா உணவகங்களில் உணவு இலவசமாக வழங்கப்பட்டது. 2020 ஊரடங்கில், ஓட்டல்கள் மூடிக்கிடந்த வாரங்களில், வெளிமாநிலத் தொழிலாளர்களும் தங்கும் விடுதிகளில் அகப்பட்டுக்கொண்டவர்களும் இந்த அடுப்புகளை நம்பித்தான் இருந்தார்கள். பேருந்து ஓடாத நாள்களில் அடுப்பு எரிந்ததற்குக் காரணம், சமைக்கிறவர்கள் நடந்தே வந்துவிடக்கூடிய தொலைவில் இருந்ததுதான்.

பிற மாநிலங்களோடு ஒப்பிட்டால் இந்த ஏற்பாட்டின் அருமை இன்னும் துலக்கமாகும். கர்நாடகத்தில் 2017 ஆகஸ்டில் இந்திரா உணவகங்கள் தொடங்கின; காலை உணவு ஐந்து ரூபாய், சாப்பாடு பத்து ரூபாய். பொது அடுக்களையில் சமைத்து வண்டியில் கொண்டுவந்து பரிமாறும் பொறுப்பு ஒப்பந்ததாரர்களிடம் கொடுக்கப்பட்டது. பின்னர் பாக்கித்தொகைப் பிணக்குகளால் பெங்களூருவில் பல உணவகங்கள் மூடிக்கிடந்தன. ஆந்திரத்தில் 2018இல் திறக்கப்பட்ட அண்ணா கேன்டீன்கள், 2019 ஆட்சி மாற்றத்தோடு மூடப்பட்டு, மீண்டும் ஆட்சி மாறிய பிறகு 2024 ஆகஸ்டில்தான் கதவு திறந்தன. தமிழ்நாட்டில் 2021இல் ஆட்சி மாறியபோது என்ன நடந்தது? முகப்பேர் பகுதியில் ஓர் உணவகத்தின் பலகைகளைக் கட்சிக்காரர்கள் சிலர் பிடுங்கி எறிந்தார்கள். அவர்கள்மீது நடவடிக்கை எடுக்கவும், பலகைகளை அதே இடத்தில் மாட்டவும் பதவியேற்கவிருந்த மு.க. ஸ்டாலின் உத்தரவிட்டார். உணவகங்கள் தொடர்ந்தன. இதைத் தலைவர்களின் பெருந்தன்மையாக மட்டும் நான் பார்க்கவில்லை. ஒப்பந்ததாரரை ஒரு கடிதத்தில் நிறுத்திவிடலாம். ஒவ்வொரு வட்டத்திலும் அந்த வட்டத்துப் பெண்களே நடத்தும் அடுக்களையை மூட வேண்டுமென்றால், மாமன்ற உறுப்பினர் மறுநாள் காலையில் அதே தெருவில் நடந்தாக வேண்டும்.

ஒப்பந்த முறையின் இன்னொரு விளைவையும் நான் பார்த்திருக்கிறேன். வேறோர் ஊரில், பெயர் வேண்டாம், தனியார் ஒருவர் எடுத்து நடத்தும் மலிவு விலை உணவகத்தில், தட்டில் விழுந்த கூட்டு எந்தக் காயில் செய்தது என்று பரிமாறியவரிடம் கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை, முந்தைய வாரம்தான் வேலைக்குச் சேர்ந்ததாகச் சொன்னார். அடுத்த முறை போனபோது அவர் இல்லை, இன்னொருவர் இருந்தார், அவரும் புதியவர். உணவு மோசமில்லை, ஆனால் அதற்கு உரிமை கொண்டாட அங்கே யாரும் இல்லை.

கேரளத்தின் அனுபவம் வேறு வகையானது, அதனால் இங்கு அதிகம் பொருந்துவது. 1998இல் தொடங்கிய குடும்பஸ்ரீ அமைப்பின் பெண்கள் 2020 முதல் ஜனகீய ஹோட்டல்களை நடத்தினார்கள். 20 ரூபாய்க்குச் சாப்பாடு, சாப்பாடு ஒன்றுக்குப் பத்து ரூபாய் அரசு மானியம். 2023இல் அந்த மானியம் நிறுத்தப்பட்டு, விலை 30 ரூபாயானது. அங்கே பெண்கள் தொழில்முனைவோர். லாபம் வந்தால் அவர்களுடையது, மானியம் வராவிட்டால் கடைக்காரருக்குப் பதில் சொல்வதும் அவர்கள்தான். சென்னையில் நட்டம் முழுவதையும் மாநகராட்சி தாங்குகிறது, ஆண்டுக்கு நூறு கோடி ரூபாய்க்கு மேல். மளிகைக் கடன் பெண்களின் தலையில் விழுவதில்லை என்பது சென்னை ஏற்பாட்டின் பெரிய நன்மை. ஆனால் கேரளத்துப் பெண்ணுக்கு இருந்த முதலாளி என்ற தகுதியும் இங்கில்லை, அரசு ஊழியருக்கு உரிய பாதுகாப்பும் இங்கில்லை. என் பாராட்டு நிற்கும் இடம் இதுதான்.

கூலிக் கணக்கைப் பார்ப்போம். நீண்ட காலம் நாளொன்றுக்கு 300 ரூபாயாகவே நின்றிருந்த கூலி, 2024 ஜூலையில் 325 ரூபாயாக உயர்த்தப்பட்டது. அப்போது 388 உணவகங்களில் மூவாயிரத்துக்கும் சற்று அதிகமான பெண்கள் வேலை செய்துகொண்டிருந்தார்கள். அதே 2024-25இல் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு நிர்ணயிக்கப்பட்டிருந்த கூலி 319 ரூபாய். அடுத்த ஆண்டுக்கு அது 336 ரூபாய் ஆயிற்று. ஊரகத்தில் குளம் தூர்வாருவதற்கு நிர்ணயித்த கூலியோடு, மாநிலத் தலைநகரில் கொதிக்கும் அண்டாக்களுக்கு நடுவே செய்யும் வேலையின் கூலி ஆறு ரூபாய் முன்னும் பதினொரு ரூபாய் பின்னுமாக ஓடிப்பிடித்து விளையாட வேண்டிய அவசியம் என்ன? நாள் முழுவதும் இட்லி அவிக்கிற பெண் தன் கூலியில் தான் அவித்த இட்லியை வாங்கினால் 325 வாங்கலாம். தெருமுனை ஓட்டலில் வாங்கினால் ஒரு குடும்பத்தின் இரண்டு வேளைக்குக்கூடக் காணாது.

இதற்கு நேர் எதிரே நம் மாநிலத்திலேயே ஒரு முன்மாதிரி இருக்கிறது. 1982இல் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தை விரிவாக்கியபோது, சமையலர், உதவியாளர் பணியிடங்களில் கணவரை இழந்தவர்களுக்கும் ஆதரவற்ற பெண்களுக்கும் முன்னுரிமை தரப்பட்டது. அவர்களும் சொற்பத் தொகைக்குத்தான் வந்தார்கள். பிறகு சங்கம் அமைத்து, மறியல் செய்து, சிறைக்கும் போய், படிப்படியாகச் சிறப்புக் காலமுறை ஊதியத்தையும், ஓய்வுபெற்ற பின் மாதம் 2,000 ரூபாய் சிறப்பு ஓய்வூதியத்தையும் பெற்றார்கள். அது போதாது என்று அவர்கள் இன்னும் போராடுகிறார்கள், அதில் நியாயமும் இருக்கிறது. ஆனாலும் ஒரு சத்துணவுச் சமையலருக்கு ஊதிய உயர்வு என்ற ஒன்று உண்டு, ஓய்வு என்ற ஒன்று உண்டு. அம்மா உணவகப் பெண்ணுக்கு இருப்பது நாள்கூலி. வராத நாளுக்கு அதுவும் இல்லை. சுயஉதவிக் குழு உறுப்பினர் என்ற பெயர் ஆளெடுக்கும்போது கதவைத் திறந்துவிட்டது. அதே பெயர் இப்போது, ‘இவர்கள் ஊழியர்கள் அல்லர், குழு உறுப்பினர்கள்’ என்று கைகழுவவும் வசதியாக இருக்கிறது. தொழில் நிறுவனம் ஒன்றில் 24 மாதங்களில் 480 நாள்கள் வேலை செய்தவருக்கு நிரந்தரத் தகுதி தர வேண்டும் என்று 1981ஆம் ஆண்டிலேயே சட்டம் இயற்றிய மாநிலம் நம்முடையது. தனியாரிடம் எதிர்பார்க்கும் நடத்தையைத் தன் சொந்த அடுக்களையில் கடைப்பிடிக்க அரசுக்கு என்ன தயக்கம்?

பணமில்லை என்பது வழக்கமான பதில். 2024 ஜூலையில், முதலமைச்சராக இருந்த மு.க. ஸ்டாலின் ஓர் உணவகத்துக்கு நேரில் போய்ப் பார்த்த பிறகு, பாத்திரங்களுக்கும் கருவிகளுக்கும் ஏழு கோடி, கட்டடங்களைப் புதுப்பிக்கப் பதினான்கு கோடி என 21 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. வரவேற்கத்தக்க செலவு, பழைய கிரைண்டரோடு மல்லுக்கட்டுகிறவருக்குப் புதிய கிரைண்டர் வருவதும் ஒருவகையில் மரியாதைதான். ஆனால் 3,100 பெண்களுக்கு நாளொன்றுக்கு நூறு ரூபாய் கூட்டிக் கொடுத்தால் ஆண்டு முழுவதற்கும் ஆகும் செலவு சுமார் பதினொன்றே கால் கோடி. ஐயாயிரம் கோடியைத் தாண்டிய வரவு செலவுத் திட்டம் போடும் மாநகராட்சிக்கு இது மலைப்பான தொகை அல்ல. சுவருக்குப் பூசும் வண்ணம் திறப்பு விழாவில் கண்ணுக்குத் தெரியும். கூலி உயர்வு சம்பளப் பட்டியலில் மட்டும்தான் தெரியும். வேறுபாடு அங்கேதான் இருக்கிறது என்று சந்தேகிக்கிறேன்.

இது அடுக்களையோடு நிற்கும் பிரச்சினையும் அல்ல. 2025 ஆகஸ்டில் ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் தூய்மைப் பணியாளர்கள், தங்கள் வேலை தனியார் நிறுவனத்துக்குப் போவதை எதிர்த்து, மாநகராட்சித் தலைமையகமான ரிப்பன் மாளிகை வாசலில் 13 நாள்கள் அமர்ந்திருந்தார்கள், நள்ளிரவில் அப்புறப்படுத்தப்பட்டார்கள். கொரோனா காலத்தில் மாலை போட்டுக் கும்பிட்ட அதே கைகளைத்தான் அன்று காவல்துறை வண்டியில் ஏற்றியது. சென்னை மாநகராட்சிக்கு நல்ல ஆட்களைக் கண்டுபிடிக்கத் தெரிகிறது. கண்டுபிடித்தவர்களை என்ன செய்வது என்பதில்தான் அது தடுமாறுகிறது.

பற்றோடு வேலை செய்கிறவர்களை நிர்வாகங்கள் நடத்தும் விதத்தில் ஒரு சூழ்ச்சி ஒளிந்திருக்கிறது. குறைந்த கூலியிலும் ஒருவர் போகாமல் இருந்தால், கூலி போதுமானதாக இருக்கிறது என்று கோப்பில் எழுதப்படுகிறது. அவர் போகாததற்கு வேறு காரணங்கள் இருக்கின்றன: பிள்ளையின் பள்ளி நேரம், பத்து வருடம் சேர்ந்து சமைத்த தோழிகள், பேத்தியின் உடல்நிலையைச் சொல்லிவிட்டுப் போகும் அந்தப் பெரியவர். இவற்றில் எதையும் மாநகராட்சி கொடுக்கவில்லை. ஆனால் இவற்றின் பலனை அது தன் செலவுக் கணக்கில் கழித்துக்கொள்கிறது.

அந்தக் கழிவு நெடுநாள் நீடிக்காது என்பதற்கான அறிகுறி பரிமாறும் இடத்திலேயே தெரிகிறது. 2013இல் முப்பத்தைந்து வயதில் வந்தவர்கள் இப்போது ஐம்பதை நெருங்குகிறார்கள். முழங்கால் வலியோடு அண்டா தூக்குகிறவர்களை எந்த வட்டத்திலும் பார்க்கலாம். அவர்களுடைய மகள்கள் பட்டம் பெற்று, அண்ணா நகரிலும் வேளச்சேரியிலும் உள்ள கடைகளிலும் அலுவலகங்களிலும் வேலைக்குப் போகிறார்கள். தாயின் இடத்துக்கு மகள் வரமாட்டாள். வர வேண்டும் என்று விரும்பவும் கூடாது. பிறகு யார் வருவார்கள்? இன்றைய நிலையில் இந்த வேலையில் ஏறுவதற்கு ஒரு படிகூட இல்லை. முதல் நாள் வெங்காயம் நறுக்கிய பெண்ணும், மழை வெள்ளத்திலும் சரக்குக் கணக்கு தவறாமல் ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கானோருக்கு உணவு தயாரிக்கும் அடுக்களையை நடத்திப் பழகிய பெண்ணும் ஒரே நாள்கூலியில் நிற்கிறார்கள். தலைமைச் சமையலர், பண்டகக் காப்பாளர், மண்டல அளவில் பல உணவகங்களைப் பார்த்துக்கொள்ளும் மேற்பார்வையாளர் என்று மூன்று நிலைகளை உருவாக்கி, அவற்றை இந்தப் பெண்களைக் கொண்டே நிரப்பினால், முப்பது வயதுப் பெண் ஒருவர் இதை ஒரு வேலையாக எண்ணி வருவதற்குக் காரணம் கிடைக்கும். வருங்கால வைப்புநிதியும், ஈட்டுறுதிக் காப்பீடும், வாரத்துக்கு ஒரு நாள் ஊதியத்துடன் விடுப்பும் சலுகைகள் அல்ல. வேலை என்று எதை அழைக்கிறோமோ அதன் உறுப்புகள்.

ஆக, மதிப்பீடு. உணவுக்கும் விலைக்கும் நான் தாராளமாகவே மதிப்பெண் கொடுப்பேன். பரிமாறும் முறைக்கு, குறிப்பாக மருத்துவமனை வளாக உணவகங்களுக்கு, இந்நகரத்தின் பெயர்பெற்ற சைவ ஓட்டல்கள் பலவற்றைவிட அதிகமாகவே கொடுப்பேன். ஆளெடுத்த விதத்துக்கும் அப்படியே. எடுத்தவர்களை வைத்துக்கொள்ளும் விதத்துக்கு மாநகராட்சி என்னிடம் தேர்ச்சி பெறவில்லை.

முதன்முறை போகிறவர்கள் சில்லறையோடு போவது நல்லது. ஐந்நூறு ரூபாய்த் தாளை நீட்டி ஐந்து ரூபாய்க்கு டோக்கன் கேட்பவரைக் கல்லாவில் இருப்பவர் பார்க்கும் பார்வை அவ்வளவு இனிமையாக இருக்காது. தயிர் சாதம் வேண்டுமென்றால் ஒரு மணிக்கு முன்பே போய்விடுங்கள். சாப்பிட்டு முடித்தபின் தட்டை அதற்குரிய இடத்தில் வையுங்கள். 2022 முதல் நகரத்தின் வட்டங்களிலும் பகுதி சபைக் கூட்டங்கள் நடக்கின்றன. சாக்கடை, தெருவிளக்குப் புகார்களோடு, நம் வட்டத்து உணவகத்தில் எத்தனை பேர் வேலை செய்கிறார்கள், இந்த ஆண்டு அவர்களுடைய கூலி என்ன, அவர்களுக்கு வைப்புநிதி பிடிக்கப்படுகிறதா என்று மாமன்ற உறுப்பினரிடம் கேட்டு, பதிலைக் கூட்டக் குறிப்பில் ஏற்றச் சொல்லலாம்.